கட்டைவிரல் கொழுப்பு

கதவை முழங்கையால்தான் தள்ளுவாள். லிஃப்ட் பொத்தானை அழுத்தப் பேனாவின் பின்முனை. ஆய்வகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டாள். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும்.

அவள் வளர்ப்பது பைன் மரம். மரம் என்றால் கிளை, இலை எதுவும் கிடையாது. ஊசியிலை நுனியிலிருந்து வெட்டிய துணுக்கு, கண்ணாடிக் குடுவைக்குள் சத்துக்கூழின் மேல் வெளிறிய கட்டியாகப் பெருகிக் கிடக்கும். அதை அரைத்துக் கொழுப்பைப் பிரித்துக் கருவியில் ஏற்றினால், ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் திரையில் ஒரு மேடாக எழும். முழு மரத்தின் இலையில் இல்லாத ஒரு மேடு இந்தக் கட்டியில் எழுந்தது. அன்று பிடித்தது சனி.

"உன் கை பட்டிருக்கும்மா. மனுஷத் தோல்லயும் கொழுப்பு இருக்குல்ல?" என்றார் பேராசிரியர். கையுறை போட்டுத்தான் செய்தேன் என்று அவள் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த மேடு பொய்யென்றால் இரண்டு வருட உழைப்பும் குப்பைக்குத்தான்.

அதன்பிறகு தலைக்கு எண்ணெய் கிடையாது, கைக்குக் களிம்பு கிடையாது. விரல்கள் வெடித்து எரிந்தன. மகளுக்குத் தலைவாரி விடுவது கணவனின் வேலையாயிற்று. ஓடிவரும் குழந்தையிடம், "தள்ளி நில்லுடா செல்லம், எண்ணெய் அம்மா மேல ஒட்டிரும்" என்பாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

நேற்று பொறுமை போய்விட்டது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை ஒரு கண்ணாடித் தகட்டில் அழுத்தித் தேய்த்தாள். அந்தக் கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துக் கருவியில் ஏற்றினாள். திரையில் கோடு ஊர்ந்தது. ஜன்னலுக்கும் கருவிக்குமாக நடந்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். விரலின் மேடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கட்டியில் அந்த மேடு எழுந்த இடத்துக்குக் கோடு வந்தது, படுத்தே கிடந்தது, தாண்டிப் போயிற்று.

பேராசிரியர் கட்டியின் படத்தையும் விரலின் படத்தையும் அச்செடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உன்னோடது இல்லம்மா, மரத்தோடதுதான். எழுத ஆரம்பி," என்றார்.

வீட்டுக் கதவை உள்ளங்கையால் தள்ளினாள். எண்ணெய் மினுங்கும் தலையோடு ஓடிவந்த மகள், பாதி வழியில் நினைவு வந்து நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பம்பரம் தரையில் உட்கார்ந்தாள். பிசுபிசுத்த அந்தக் கைகளை முன்னால் இழுத்துத் தன் கன்னங்களில் வைத்து அழுத்திக்கொண்டாள்.