சுவரை மெதுவாகக் கட்டச் சொன்னவர்

எங்கள் நிறுவனத்தில் முன்பு தரத்துக்கு ஒருவர், சுற்றுச்சூழலுக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதனால் கட்டுமான வேலை நிம்மதியாக நடந்தது. பிறகு மூன்றையும் இணைத்து ஒருங்கிணைந்த மேலாண்மை அமைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இணைப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, மூன்று கோப்புகளையும் என் மேசைமேல் வைத்தார்கள்.

அன்றிலிருந்து அந்த மூன்று பேரும் எனக்குள் இருந்துகொண்டு சண்டை போடுகிறார்கள். ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் வழியில், மழையில் சரிந்துபோன சாலைக்குத் தாங்குசுவர் கட்டும் வேலையில் நான் இருந்தபோது சண்டை முற்றிவிட்டது. கான்கிரீட் போட்டாயிற்று, இனி நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும் என்பான் தரக்காரன். ஓடைத் தண்ணீரை இப்படி இறைத்தால் கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பான் சுற்றுச்சூழல்காரன். அந்த ஈரச் சரிவில் ஆளை நிறுத்தி யார் ஊற்றச் சொன்னது என்பான் பாதுகாப்புக்காரன். மூவரும் ஒரு முடிவுக்கு வருவதற்குள் மழை வந்து நனைத்துவிட்டுப் போய்விடும்.

"மூணு பேர் வேலையை ஒருத்தரே பாக்கறீங்களா, இல்ல மூணு பேரும் சேர்ந்து ஒரு வேலையும் பாக்கலியா?" என்று என் மனைவி கேட்டாள். சேலத்து வீட்டில் வாரம் ஒருமுறைதான் என்னைப் பார்க்கிறாள் என்றாலும் அவள் கணிப்பு தப்பாது.

சரிவு நடந்த இடத்தில் சாலை பாதிக்கு மேல் பள்ளத்தில் போயிருந்தது. ஏற்காட்டுப் பஸ் உடைந்த இடம் வரை வந்து, அங்கேயே திரும்பிவிடும். பயணிகள் இறங்கி, மலைப்பக்கமாக வெட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்து மறுபுறம் போய், அங்கே வரும் ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும். எதிர்த் திசையில் வருபவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இந்தக் காத்திருப்பின் நடுவில், நாலு மூங்கிலும் ஒரு நீலத் தார்ப்பாயுமாக ஒரு டீக்கடை இருந்தது.

கடைக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தாத்தா காலத்தில் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து காப்பி எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். அவரும் சின்ன வயதிலிருந்து காப்பிப் பழம் பறித்தவர். சாலை உடைந்த அதே வாரத்தில், பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு அவர் நிலத்தின் ஓரத்தில் அடுப்பை மூட்டிவிட்டார். தோட்டக்காரருக்கு வாடகை, காலையில் ஒரு சுக்குக் காப்பி, மாலையில் ஒரு மிளகாய் பஜ்ஜி. எங்கள் சைட்டில் தலைக்கவசத்தோடு திரிந்த அத்தனை பேரும் அவருக்கு வாடிக்கை. பனிமூட்டம் இறங்கி எதிரே நிற்கும் ஆள் தெரியாமல் போகும்போது, நாங்கள் பஜ்ஜி வாசனையைப் பிடித்துக்கொண்டு நடப்போம். வழிகாட்டும் விளக்குகள் வைக்க வேண்டும் என்று என் கோப்பில் இருந்தது. விளக்குகள் வரும்வரை பஜ்ஜிதான்.

இந்த நிலையில் என் மூன்று கோப்புகளுக்கும் தணிக்கை வந்தது. சென்னையிலிருந்து ஓர் அம்மையார், காட்டன் புடவையும் ஓட்டக்காரர்களின் ஷூவுமாக வந்து இறங்கினார். மெல்லிய குரல். மெல்லிய குரலில் பேசும் தணிக்கையாளர்களிடம் எனக்கு எப்போதும் பயம் உண்டு.

என் கோப்பை நிதானமாகப் புரட்டியவர் ஓர் இடத்தில் நின்றார்.

"சார், ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் இரவு விளக்குகளைத் தவிர்க்க வேண்டும்னு எழுதியிருக்கீங்க."

நான் எட்டிப் பார்த்தேன். எழுதியிருந்தது. அந்தப் பகுதியை எங்கள் நிறுவனம் கடற்கரையில் செய்த ஒரு வேலையின் கோப்பிலிருந்து நான் வாஞ்சையோடு எடுத்துச் சேர்த்திருந்தேன்.

"இங்க ஆமை எந்த மாசம் சார் மேல ஏறி வருது?"

"இதுவரைக்கும் வரலீங்க மேடம்."

"வந்தா சொல்லுங்க" என்று அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்ததாக அக்கறையுள்ள தரப்பினர் என்ற பகுதி. ஒரு கட்டுமானத்தால் யார் யாருக்கு என்னென்ன ஆகும், அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டறிந்து, அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நான் நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி, தொழிலாளர்கள், பொதுமக்கள் என்று எழுதி, எல்லோருடைய எதிர்பார்ப்பும் 'தரமான சுவர், குறித்த காலத்தில்' என்று முடித்திருந்தேன். கேட்காமலே தெரியும் என்ற நம்பிக்கை.

"பொதுமக்கள்ல யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டோம் மேடம்" என்றேன். தணிக்கையில் 'கேட்டோம்' என்பது காலம் காட்டாத வினைச்சொல்.

அவர் எழுந்து நேராக டீக்கடைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எங்கள் புராஜெக்ட் மேனேஜர் எனக்குப் பின்னால் வந்தார்.

"அம்மா, இந்தச் சுவர் வேலையைப் பத்தி நீங்க என்ன எதிர்பாக்கறீங்க?"

கடைக்காரம்மா டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைக்காமல் 'தரமான' என்று சொல்ல முயன்றேன்.

"செவுரு நல்லா உறுதியாக் கட்டட்டுங்க மேடம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா மெதுவாக் கட்டட்டுங்க. அவசரம் ஒண்ணுமில்லீங்க."

"ஏம்மா?"

"செவுரு முடிஞ்சா பஸ்ஸு நேராப் போயிருமுங்க. இங்க நிக்காதுங்க. பஸ்ஸு நிக்காத எடத்துல டீ யாரு குடிப்பாங்க? உங்களுக்குச் சக்கரை போடட்டுங்களா?"

தணிக்கையாளர் சர்க்கரையில்லாமல் ஒரு டீ குடித்தார். பிறகு எழுதினார்: பாதிக்கப்படும் தரப்பினர் ஒருவரின் எதிர்பார்ப்பு கண்டறியப்படவில்லை, அதன்மீது நடவடிக்கையும் இல்லை. ஆமைகளை மன்னித்துவிட்டார்.

அவர் கார் வளைவில் மறைந்ததும் புராஜெக்ட் மேனேஜர் என் தோளில் கை போட்டார். "எதுக்கு சார் மூஞ்ச தொங்கப்போட்டுட்டு நிக்கறீங்க? மெதுவாக் கட்டணும்னுதான அந்தம்மா கேக்கறாங்க? நாம மெதுவாத்தான கட்டிட்டிருக்கோம். எதிர்பார்ப்பு நிறைவேற்றப்பட்டதுன்னு எழுதி அனுப்புங்க."

உண்மைக்கு மாறாக அதில் ஒரு சொல்கூட இல்லை. எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை அந்தக் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தபோது, நாலு மாதமாகத் தினமும் குடிக்கிற டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"ஏனுங்கக்கா, கடை போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, மறுக்கா கூடையக் கட்டிட்டு எஸ்டேட்டுக்குத்தானுங்க. பழம் பறிக்கறது ஒண்ணும் கேவலமில்லீங்க சார். ஆனா இந்த முட்டி இனிமே சரிவுல நிக்காதுங்க." அடுப்பை ஊதினார். "இன்னொண்ணும் இருக்குதுங்க. இங்க வந்த பொறவுதான் பஸ் டிரைவரு என்னைய ஓனரம்மான்னு கூப்புடறாரு. வெளையாட்டுக்குத்தானுங்க. எங்கூட்டுக்காரரு கூட அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. இருந்தாலும் கேக்க நொம்ப நல்லாருக்குதுங்க."

எனக்குள் இருந்த மூன்று பேரும் முதன்முறையாகச் சண்டையை விட்டுக் கோப்புகளைப் புரட்டினார்கள். அவர்களில் யாருடைய கோப்பிலும் இதற்குப் பகுதி இல்லை.

நான் பஸ் டிரைவரைப் பிடித்தேன். கையில் அந்தக் கடையின் கிளாஸோடு நின்றிருந்தார்.

"வேலை முடிஞ்ச பொறவும் இங்க ஒரு நிமிஷம் நிறுத்தலாமுங்களா?"

"ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்த முடியாதுங்க சார். ரெண்டு பக்கமும் வளைவு. பின்னால வர்றவன் வந்து சாத்திருவான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பாதுகாப்பு ஆபீசரு, நீங்களே இப்படிக் கேக்கலாமுங்களா?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. புதிய நிறுத்தம் கேட்டு டெப்போவுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. ஊராட்சியில் பேசினேன். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார்கள்.

கடைசியில் நடந்த ஒரே நல்ல காரியத்துக்கும் நான் காரணமில்லை. மண் அள்ளும் எந்திரம் நிற்பதற்காகக் கடையை ஒட்டிச் சாலையோரத்தை அகலமாக்கிக் கெட்டிப்படுத்தியிருந்தோம். வேலை முடிந்ததும் அதைப் பெயர்த்து, பழையபடி மண் நிரப்பிச் செடி நட வேண்டும் என்று என் சுற்றுச்சூழல் திட்டம் சொன்னது. எந்திரத்தை மறுபடி மேலே ஏற்றும் செலவைக் கணக்குப் போட்ட புராஜெக்ட் மேனேஜர், வேண்டாம் என்றார். கெட்டிப்பட்ட இடத்தைப் பெயர்த்தால் சரிவு மறுபடி இளகும் என்று நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரும் சொன்னார். இடம் அப்படியே விடப்பட்டது. நான் கோப்பில், 'கடைக்கு முன் வண்டிகள் ஒதுங்க இடம் தரப்பட்டது' என்று எழுதி, அதை அந்த அம்மாவுக்காகவே செய்ததுபோல் கையெழுத்திட்டேன்.

சுவர் முடிந்தது. இடுப்பளவுக் கைப்பிடிச் சுவரையும் மேலே வழவழவென்று பூசி முடித்தோம். முதல் பஸ் செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டு வந்தது. மாரமங்கலத்து ஆட்கள் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார்கள். கர்ப்பிணிப் பெண்ணும், மூட்டை தூக்குகிறவரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இனி அந்தப் பாதையில் வழுக்கி நடக்க வேண்டியதில்லை. நாங்கள் கை தட்டினோம். கடைக்காரம்மாவும் தட்டினார். வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பால் காய்ச்சி வைத்திருந்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நேராகப் போயிற்று.

நாங்கள் அந்தப் பால் பாத்திரத்தைப் பார்த்தோம். பிறகு புராஜெக்ட் மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்து, "அக்கா, எனக்கு ரெண்டு டீ" என்றார். மேஸ்திரி இரண்டு கேட்டார். கம்பி கட்டுகிறவர்கள், சர்வேயர், வாட்ச்மேன் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, அந்தப் பால் தீரும்வரை குடித்தோம். கடைக்காரம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார். "இப்படிக் குடிச்சா ஒடம்புக்கு ஆகாதுங்க" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அடுத்த வாரம் நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டோம். நான் வேறொரு பாலத்துக்குப் போனேன், அதே கோப்போடு. ஆமைகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சுவரைக் காட்டுவதற்கு என்று சொன்னேன். தார்ப்பாய் இருக்குமா என்பதுதான் வழியெல்லாம் மனதில். கடைசி வளைவுக்கு முன்னால் காரை மெதுவாக்கியபோது, "ஏன், வண்டி ஏறமாட்டேங்குதா?" என்றாள்.

தார்ப்பாய் இல்லை. தகரக் கூரை இருந்தது. அதன் முன்னால் எங்கள் அகலமான ஓரத்தில் கார்களும் பைக்குகளும் ஒழுங்கில்லாமல் நின்றன. மேகம் விலகினால் அங்கிருந்து கீழே சேலம் வரை தெரியும். சுவர் கட்டும்வரை அந்த விளிம்புக்குப் போக யாருக்கும் தைரியம் இல்லாததால், அது ஒரு பார்க்கிற இடம் என்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். படம் எடுத்தால் குளிர்கிறது. குளிர்ந்தால் டீ.

'சுவரின் மேல் அமரக் கூடாது' என்று நான் எழுதி வைத்த பலகையின் மேல் யாரோ ஸ்வெட்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் மனைவியிடம் சுவரின் உறுதியை விளக்கிக்கொண்டே, வழவழப்பை அவள் தொட்டுப் பார்க்கட்டும் என்று, அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு கண்ணு, எறங்கு. வுழுந்தா எடுக்க ஆளில்ல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினேன். கடைக்காரம்மா கரண்டியோடு நின்றார். "அட, சாருங்களா. யாரோ சின்னப் பையன்னு நெனச்சனுங்க. நீங்களே இப்படி ஏறி ஒக்காந்தா நான் மத்தவங்கள எப்படிங்க வையறது? நாளைக்கு ஒருத்தரு வுழுந்தா அப்பறம் இங்க ஒருத்தரும் நிக்கமாட்டாங்க."

இறங்கினேன். என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிடத்திலேயே இருவரும் நெருங்கிவிட்டார்கள்.

"பஸ் நிக்குதுங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க நிக்குது. ஓனரம்மான்னு கத்திட்டே போவாரு." டீயை நீட்டினார். காசு வாங்க மறுத்தார். பிறகு என் மனைவிக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க சார், அடுத்த செவுரு எங்கீங்க? என் தங்கச்சி ஊட்ல சும்மாத்தான் இருக்கறா. அவளும் டீ நல்லாப் போடுவா."

பாலம் என்று சொன்னேன். இடத்தையும் சொன்னேன்.