லைனில் கோளாறு இல்லை

ஜெயராணி போய்விட்டாள் என்று அவள் கணவர்தான் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "முடிஞ்சிருச்சும்மா" என்றார். ரத்தம் கொடுக்க வந்த காலைக் கூட்டம் வெளியே காத்திருந்தது.

ராஜபாளையத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து போனவர்களுக்கு அவளைத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நானும் அவளும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஒரு டெங்கு காலத்தில், ரத்த அணுக்களை எண்ணும் கருவிக்கும் கணினிக்கும் தொடர்பு அறுந்துபோனது. கருவி எண்ணியது, கணினிக்கு எதுவும் வரவில்லை. நான் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் கருவியின் சின்னத் திரையைப் பார்த்தாள். தேவதானம் கிராமத்துச் சிறுமி ஒருத்திக்குத் தட்டணுக்கள் அபாயமாக இறங்கியிருந்தன. "கம்ப்யூட்டரைப் பொறவு பாப்போம். இதை இப்பச் சொல்லணும்" என்று துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு அவளை அனுப்பிய டாக்டரிடம் ஓடினாள்.

திரும்பி வந்த பிறகே கோளாறைத் தேடினோம். கேபிளை மாற்றினோம், இரண்டையும் அணைத்துப் போட்டோம், பலனில்லை. முந்தின நாள் புது ரவுட்டர் வைத்தது அவளுக்குத்தான் நினைவு வந்தது. கணினியின் நெட்வொர்க் முகவரியான ஐ.பி. எண் மாறியிருந்தது; கருவி பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. புது எண்ணைப் பதிந்ததும் முடிவுகள் வரத் தொடங்கின.

அந்தச் சிறுமி பிழைக்கவில்லை. கேள்விப்பட்ட அன்று ஜெயராணி சாப்பிடவில்லை. "நாம சொன்னது நேரத்துக்குப் போச்சு. அம்புட்டுதான் நம்ம கையில இருந்துச்சு" என்றாள்.

போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கைகால்கள் காரணமில்லாமல் கன்றிப்போயின. தன் ரத்தத்தைத் தானே கருவியில் வைத்தாள். கணினி முன்னால் நான் இருந்தேன். வெள்ளை அணுக்கள் நம்பமுடியாத அளவில் வந்தன. யாருடைய முடிவோ மாறி வந்திருக்கும் என்றேன். அவளும் அப்படி நினைக்கவே விரும்பினாள். கேபிள், ஐ.பி. எண், குழாயில் ஒட்டிய பெயர் எல்லாம் பார்த்தாள். மறுபடி என்னை ரத்தம் எடுக்கச் சொன்னாள். அதே முடிவு. கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. தகடு முழுக்க ரத்தப் புற்றுநோய் அணுக்கள்.

"ஏட்டி, லைன்ல கோளாறு இல்ல. எனக்குத்தான்."

அவள் கணவருக்கு நான் போன் செய்யட்டுமா என்றேன். "வேண்டாம். அவியகிட்ட நேர்ல சொல்லுதேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: கெட்ட முடிவு வந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கிறேன். பிறகு எழுந்துபோய் நேரில் சொல்கிறேன். அவள் கணவர் போன் செய்த அன்றைக்கே, அவளை மதுரையிலிருந்து கொண்டுவரும் முன்பு, அப்படி ஒரு முடிவு வந்தது. டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.