அந்த மதியம் நான் தூங்கிப்போனேன்

காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஊரடங்கால் என்னை மாற்றிவிட வேண்டியவள் வரவில்லை. மூன்றாவது நாளும் தனியாகவே வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து லாரியை யாரோ சுட்டதில் நெஞ்சில் குண்டு பாய்ந்த ஒரு பால்வெட்டுக்காரர் அங்கே கிடந்தார். கால் மணிக்கு ஒருமுறை அவர் மூச்சை எண்ண வேண்டும். இழுக்க ஆரம்பித்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கட்டிலடியில் இருந்த அவர் மனைவி, "பொழைச்சிருவாரா மிஸ்ஸி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தொணதொணன்னா வெளியே போயிரு" என்று காலையில் எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கு உறைக்கவில்லை. அப்போதெல்லாம் யார் செத்தாலும் எனக்கு உறைப்பதில்லை.

மதியம் நாற்காலியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. பதறிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினேன்.

நான் மூச்சை எண்ணும்போது செய்வதைப் போலவே அவள் கணவரின் நெஞ்சில் கை வைத்து நின்றிருந்தாள். மூச்சு சீராக இருந்தது.

"ஏன் என்னை எழுப்பல?"

"நீங்க எண்ணுறத ரெண்டு நாளா பாத்தேன்லா, அப்படியே எண்ணுனேன். இழுத்தா எழுப்பியிருப்பேன்." பிறகு தயங்கிச் சொன்னாள். "நடுவுல ஒங்க மூச்சையும் பாத்துக்கிட்டேன் மிஸ்ஸி. அசையாம கெடந்தீங்க, பயமா இருந்திச்சு."

மாதக்கணக்கில் வராத அழுகை அப்போது வந்தது. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

அவர் பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனார். பிறகு எத்தனையோ பேரின் மூச்சை எண்ணியிருக்கிறேன். என் மூச்சை எண்ணியவள் அவள் ஒருத்திதான்.