வேல்பாண்டியின் வெறும் வயிறு

கொதிக்கிற வாணலியிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, பிறகு வாயில் போட்டுக்கொண்டு வேல்பாண்டி கண்ணை மூடிக்கொள்வார். அப்போது யாரும் பேசக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், வேங்கடேசன் பால்கோவாக் கடையின் பின்கட்டில், விடியுமுன்பே இந்தத் தவம் தொடங்கிவிடும். கண்ணைத் திறந்து "எறக்கலாம்" என்றால் சரக்குத் தயார். "செத்த நேரம் பொறுங்க" என்றால் துடுப்பு மறுபடி சுழலும்.

பதம் பார்ப்பது சாப்பாட்டில் சேராது என்பது அவர் கட்சி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருப்பார். ஆனால் வாணலிக்கு வாணலி கிள்ளி வாயில் போடுவது மட்டும் நிற்காது. விரதம் என்ன ஆயிற்று என்று சீண்டினால், "பதம் பாக்கது தொழிலு. சாப்பாடுன்னா எலையில உக்காரணும்லா" என்பார். அந்தச் சந்தில் அடுப்படி வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் இதுதான் சட்டம்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. கூமாப்பட்டிப் பால் எது, மகாராஜபுரத்துப் பால் எது என்று முகர்ந்தே சொல்வதாக அளப்பார். அதே கடையில் கணக்கு எழுதும் நான் சோதித்துப் பார்த்ததில் பாதி தப்பு. தப்பென்று சொன்னால் பால்காரர் அல்லா பிச்சை கேன்களை மாற்றி வைத்துவிட்டதாகச் சாதிப்பார்.

போன வருஷம் சித்திரை வெயிலில், எரிகிற அடுப்புக்கு முன்னால் மனிதர் குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார். கேட்டால் குளிருகிறதாம். குரல் தடித்துப்போயிற்று. துடுப்பைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தார். பிறகு விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்து, அப்படியே மரத்துவிட்டன. பக்கவாதம்தான் வருகிறது என்று முடிவுகட்டி, ராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. கழுத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பி சோம்பினால் மூளையும் நரம்பும் சேர்ந்து மந்தமாகும், மணிக்கட்டுக்குள் வீக்கம் கண்டு விரலுக்குப் போகும் நரம்பை நெருக்கும் என்று டாக்டரம்மா படம் போட்டே விளக்கியிருக்கிறார். வேல்பாண்டிக்கு நிம்மதிக்குப் பதில் வெட்கம் வந்தது. "அது பொம்பளையாளுக சீக்குல்லா" என்று என்னிடம் முணுமுணுத்தார். கடையில் சத்து மாத்திரை என்று சொல்லிவைத்தார். தனக்கும் ரெண்டு வேண்டும் என்று அல்லா பிச்சை கையை நீட்டியபோதுதான் திண்டாடிப்போனார்.

வெறும் வயிற்றில், எழுந்ததும் முதல் வேலையாக மாத்திரை. ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. மாதங்கள் போயின, டாக்டரம்மா அளவைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். விரல்கள் விழிக்கவில்லை. சூடு தெரியாமல் கிள்ளிக் கிள்ளி நுனியெல்லாம் கொப்புளம். அதையும் வீட்டில் மனைவி இசக்கியம்மாள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஒருநாள், போட்ட சர்க்கரையை மறந்து மறுபடியும் கொட்ட, ஒரு வாணலி முழுக்கப் பாழாயிற்று.

முதலாளி வேங்கடேசன் சத்தம் போடவில்லை. ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் வருமுன் அடுப்புக்கு வேறு ஆள் பார்க்கப்போவதாகவும், வேல்பாண்டி முன்கடையில் அட்டைப்பெட்டி மடித்தால் போதும் என்றும் தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் வேல்பாண்டியை நொறுக்கிவிட்டது. "நானு பொட்டி மடிக்கவா பொறந்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

பங்குனியில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது இசக்கியம்மாளும் கூடப் போனார். வெறும் வயிற்றில்தான் போடுகிறீர்களா என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்க, வேல்பாண்டி ஆண்டாள்மேல் சத்தியம் செய்தார். இசக்கியம்மாளும் புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை.

"அவிய பொய் சொல்ல மாட்டாக டாக்டரம்மா. மாத்திரையப் போட்டுட்டு அடுப்புல போயி உக்காந்தா வெயில் ஏறுத வரைக்கும் ஒன்னும் திங்க மாட்டாக. சட்டிக்குச் சட்டி பதம் பாக்கதோட சரி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பதம் என்றால் எவ்வளவு என்று கேட்டார். வேல்பாண்டி தொழில் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் கூட்டுனா ஒரு கால் கிலோ வரும்."

பாலும் அந்த மாத்திரையும் அடுத்தடுத்து உள்ளே போனால் மருந்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சுண்டக் காய்ச்சிய பால் என்றால் கேட்கவே வேண்டாம். இத்தனை மாதமும் மருந்துக்கும் பால்கோவாவுக்கும் அவர் வயிற்றுக்குள் தினமும் சண்டை நடந்திருக்கிறது, பால்கோவாவே ஜெயித்திருக்கிறது. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரவுச் சாப்பாடு நன்றாகச் செரித்தபின் படுக்கப் போகும்போது மாத்திரையைப் போடச் சொன்னார். வேங்கடேசனும் ஆனி பிறக்கும் வரை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

குல்லாய் முதலில் கழன்றது. பிறகு குரல் தெளிந்து, அல்லா பிச்சையோடு பழைய சண்டை தொடங்கியது. விரல்கள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஆனி பிறந்தும் மரத்தது மரத்தபடியே இருக்க, புது ஆள் ஒருவர் வந்து அடுப்பைப் பார்த்துவிட்டும் போனார்.

அதற்கு அடுத்த வாரம் நான் பின்கட்டில் நின்றிருந்தேன். வேல்பாண்டி வழக்கம்போல் வாணலிக்குள் கையை நீட்டியவர், "ஆத்தாடி" என்று துள்ளிப் பின்வாங்கினார். கிள்ளியது தரையில் விழுந்தது. நான் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் செம்பை வாங்கவில்லை. சிவந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடக்கையால் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ஏட்டி இசக்கி, சுடுதுட்டி."

அந்தப் பக்கம் இசக்கியம்மாள் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வேல்பாண்டி தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன் காதில் இருக்க, அதே விரலை நீட்டி, வாணலியின் விளிம்பை இன்னொரு முறை தொட்டார்.