கோபுரம் எந்த ஸ்டேஜ்ல வருது

நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. அதுவும் ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ வாத்தியாரே சலிச்சிப் போயி, "நீ எங்கியாவது கடையில நில்லுடா"ன்னாரு. சரின்னு நின்னேன். கிழக்கு தாம்பரத்துல கேம்ப் ரோட்டுக்கு போற வழியில ஒரு கேம் சென்டரு. எட்டு கம்ப்யூட்டரு, ஒரு ஃபேனு, நானு. ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு இருக்கும்.

என் வேல இன்னான்னா, படம் காட்றது. கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சினிமா மாதிரி ஒண்ணு ஓடும் பாரு, இன்ட்ரோ, அத கடையில 'படம்'னுதான் சொல்லுவோம். ஓனரு ஒரு மானிட்டர ரோட்ட பாத்து திருப்பி வெச்சிருந்தாரு. அதுல நாள் பூரா படம் மட்டும் ஓடணும். முடியறப்போ நான் ஓடிப் போயி முதல்லேந்து போடணும். தப்பித்தவறி கேம் ஆரம்பிச்சிட்டா நின்னுகினு இருக்கற கூட்டம் கலஞ்சிடும்.

ஏன்னா அவ்ளோ கேவலமா இருக்கும். படத்துல வர்றவனுக்கு முடி காத்துல பறக்கும், மூக்கு நுனில மழத்தண்ணி சொட்டும். உள்ள வந்து கேம்ல பாத்தா அதே ஆளுக்கு மூஞ்சி பார் சோப்பு மாதிரி இருக்கும். முடி ஹெல்மெட்டு மாதிரி ஒட்டிக்கினு கீது. படத்துல ஒரே வெட்டுல பத்து பேர சாய்ச்சவன், கேம்ல ஒரு கதவ தொறக்க நாலு தடவ முட்டிக்கினு நிப்பான். பொத்தேரிலேந்து வர்ற காலேஜ் பசங்க எங்கிட்ட சண்டைக்கு வருவானுங்க. "அண்ணா, வாசல்ல ஓடுது பாருங்க, அந்த கேம போடுங்க." "அதே கேம்தான் தம்பி. அது பொண்ணு பாக்க போனப்போ. இது கல்யாணத்துக்கு அப்புறம்."

எனக்கு படம்தான் புடிக்கும். அதுல மட்டும்தான் நான் தோக்க மாட்டேன். கேம் ஆட உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல செத்துடுவேன். கேம் சென்டர்லயே வேல பாத்துகினு அந்த ஏரியாவுலயே மட்டமா ஆடறவன்னு பேரு வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

நல்லா ஆடறவன்னா அது என் தோஸ்த்து. தாம்பரம் மேடவாக்கம் ரூட்டுல ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தான், சொந்த வண்டி. மத்தியானம் சவாரி கம்மியா இருக்கறப்போ வந்து உக்காந்துடுவான். அவன் ஒரு நாளும் படம் பாத்ததில்ல. ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள பட்டன அமுக்கி தள்ளிடுவான். "பொட்டலத்த பிரிச்சி பிரியாணி துன்னுடா. பேப்பர நக்கிக்கினு கீற"ன்னு என்ன ஓட்டுவான்.

ஒரு நாள் நான் அவன ஜெயிச்சிட்டேன்.

ரெண்டு பேரு அடிச்சிக்கற கேமு. அவன் குத்த வேண்டிய எடத்துல குத்தல. "ஜாய்ஸ்டிக்கு சரியில்ல"ன்னான். வேற குடுத்தேன். திரும்ப ஜெயிச்சேன். மறுநாளும் ஜெயிச்சேன். எனக்கு தல கால் புரியல. ஸ்டூல் மேல ஏறி நின்னு கத்தினேன். எல்லாருக்கும் சமோசா வாங்கினேன். வர்றவன் போறவன்கிட்ட எல்லாம், "அண்ணன் இப்போ ரிட்டயர்டு, நாந்தான் சாம்பியன்"னு அவன காட்டி சொன்னேன். அவன் சிரிச்சிக்கினே கைய தொடைக்கு அடில வெச்சி தேச்சிக்கினு இருப்பான். ஒரு மாசத்துக்கு மேல இந்த கூத்து நடந்துது. ஒருத்தன் விரலு ஒவ்வொண்ணா செத்துகினு இருந்துது, அத நான் என் தெறமைன்னு நெனச்சி சமோசா துன்னுகினு இருந்தேன்.

டீ கிளாஸ் ரெண்டு தடவ கைலேந்து வுழுந்துது. அப்புறம் ஒரு நாள் ஆட்டோவுல ஆக்சிலேட்டர முறுக்க முடியாம நடுரோட்டுல நின்னுட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போனோம், நானும் அவன் அம்மாவும். அவங்க ஸ்கூல் சத்துணவுல ஆயா. ஊசி குத்தி, கரண்டு வெச்சி, என்னென்னமோ பாத்தாங்க. கடைசில டாக்டரு எங்க ரெண்டு பேர மட்டும் வெளிய வராண்டாவுக்கு கூப்ட்டாரு. நரம்பு வியாதி. மொதல்ல கை, அப்புறம் காலு, அப்புறம் நாக்கு, அப்புறம் மூச்சு. மருந்து இல்ல. சத்து மாத்திரை எழுதி தர்றேன்னாரு.

வராண்டாவுலேந்து உள்ள போறதுக்கு பத்தடி இருக்கும். அந்த பத்தடியில அம்மா என் சட்டைய புடிச்சி, "புள்ளைக்கு சொல்லிடாதப்பா"ன்னாங்க. உள்ள போயி நாந்தான் சொன்னேன். "ஒண்ணியும் இல்ல மச்சான். ஆறு மாசம் மாத்திரை துன்னா கை திரும்ப வந்துடுமாம்."

நம்பிட்டான். நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான், அன்னிக்கி பாத்து நம்பிட்டான்.

கடையில புது கம்ப்யூட்டர் எறக்கினப்போ ஓனரு பழசுல ஒண்ண எனக்கு குடுத்தாரு. மாடம்பாக்கத்துல அவன் வூட்டுக்கு எடுத்துக்கினு போனேன். ஒரே ரூம்பு, ஒட்டினாப்ல ஒரு அடுப்பங்கரை, மேல சிமெண்ட் ஷீட்டு. அவன் கட்டில்ல சாஞ்சி உக்காந்திருந்தான், கை ரெண்டும் மடியில யாரோ வெச்சிட்டு போன மாதிரி கெடந்துது. நான் கேம போட்டேன். தள்ளி வுட அவனுக்கு விரல் இல்ல, எனக்கு மனசு இல்ல. மொத மொறையா அவன் படத்த முழுசா பாத்தான்.

கடலு. நடுவுல ஒரு கோபுரம், மேகத்த தாண்டி நிக்குது. மின்னல் வெட்டுது. ஹீரோ வெறுங்கையால கல்ல புடிச்சி புடிச்சி மேல ஏறுறான். நகம் பேந்து ரத்தம் வருது, வுடாம ஏறுறான். அந்த கைய மட்டும் அவ்ளோ கிட்ட காட்டுவானுங்க.

"டேய்... இந்த கோபுரம் எந்த ஸ்டேஜ்ல வருது?"

எந்த ஸ்டேஜ்லயும் வராது. கேம்ல கடலே கெடையாது. கடையில அந்த படத்த எத்தினி நூறு தடவ ஓட்டிக்கீறேன், அந்த கேம முடிச்சவனுங்க எங்கிட்ட வந்து கோபுரம் எங்கன்னு கேட்டு திட்டிக்கீறானுங்க. எனக்கு நல்லா தெரியும்.

"கடைசி ஸ்டேஜு மச்சான்."

"சரி. நீ ஆடு. அங்க வரைக்கும் கொண்டாந்து சேவ் பண்ணி வை. கை வந்ததும் அதுல நான் ஏறுவேன். நீ தொடக் கூடாது."

அப்படித்தான் ஆரம்பிச்சிது. அவன் வாயி, என் கையி. தெனம் காலைல கடை தொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம். "லெஃப்ட்டு. லெஃப்ட்டுடா! சோறு துன்ற கை இல்ல, இன்னொன்னு!" "குனி. குனிடா எரும!" அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் செத்திருப்பேன். "உன் கைய எனக்கு குடுத்துட்டு நீ இங்க படுத்துக்கோடா, ஒலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்ல"ன்னு சொல்லி சிரிப்பான். நானும் சிரிப்பேன். அவன் அம்மா அடுப்பங்கரையில மூஞ்சிய தொடச்சிக்குவாங்க.

பாதி கேம் தாண்டினதும் எனக்கு பயம் புடிச்சிக்கிச்சி. முடிச்சிட்டா கோபுரம் வேணும். அதனால வேணும்னே செத்தேன். பள்ளத்துல போயி நேரா குதிப்பேன். நல்லவேள, நான் எப்பவும் ஆடற ஆட்டத்துக்கும் அதுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியல. இப்படியே நாலு மாசம் ஓட்டினேன். அதுக்குள்ள அவனுக்கு காலு போயிடுச்சி. நாக்கு கொழற ஆரம்பிச்சிது. "லெஃப்ட்டு"ன்றது "யெட்டு"ன்னு வரும். எனக்கும் அவங்க அம்மாவுக்கும் மட்டும்தான் அந்த பாஷ புரியும். ஆனா மாத்திரைய மட்டும் ஒரு வேள வுட மாட்டான். எண்ணி எண்ணி துன்னுவான்.

கடை லீவு வுட்ட ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் அந்த கேம் முடிஞ்சிது. சத்தியமா நான் முடிக்கல. கடைசி ஸ்டேஜு ஒரு குடோனு, சுத்தி பீப்பாயா அடுக்கி வெச்சிருக்கும். வில்லன் ஒரு குண்டன். அவன்கிட்ட சாவத்தான் போனேன். அந்த நாய் ஒரு பீப்பா பின்னாடி மாட்டிக்கினு நகர முடியாம நிக்கிறான். தோஸ்த்து கத்துறான், "யடி! யடி!" நிக்கறவன அடிக்காம இருக்க எனக்கு சாக்கு கெடைக்கல. அடிச்சேன். வுழுந்தான். ஸ்க்ரீன் கருப்பாச்சி. இங்கிலீஷுல பேரு பேரா மேல போவ ஆரம்பிச்சிது.

அவன் அது முடியற வரைக்கும் பாத்துகினு இருந்தான். கடைசி பேரும் போயி, திரும்ப மொதல்லேந்து ஆடறியான்னு கேட்டு நின்னுது.

"கோபுரம்?"

"அது... ரெண்டாவது பார்ட்டுல..."

திரும்பி என்ன பாத்தான். கழுத்து மட்டும்தான் அவனுக்கு மிச்சம் இருந்துது.

"படத்துல மட்டும்தானா?"

"ம்."

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

வெளிய தண்ணி லாரி ஒண்ணு நின்னுது, கொடம் எடுத்துக்கினு பொம்பளைங்க ஓடற சத்தம். அவன் அம்மா போவல. அடுப்பங்கரை வாசல்லயே நின்னுட்டாங்க.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

எட்டு மாசமா அவன் இந்த கேள்விய கேக்கல. நாந்தான் சொல்லிட்டேனே, அப்புறம் ஏன் கேப்பான். நான் அம்மாவ பாத்தேன். அவங்க தலைய குனிஞ்சிக்கினாங்க. சொல்லாதன்னும் சொல்லல.

சொன்னேன். கை, காலு, நாக்கு, மூச்சு. அந்த வராண்டாவுல டாக்டரு சொன்ன அதே வரிசையில சொன்னேன். சொல்றப்போ ஜோக்கு ஏதாவது வருமான்னு வாய தடவிப் பாத்தேன், ஒண்ணும் வரல.

"எவ்ளோ நாளு?"

"தெர்ல."

"நெஜமாவா, இல்ல இதுவும் படமா?"

"நெஜமா தெர்ல மச்சான்."

அப்புறம் அழுதான். அழுதா தொடச்சிக்க கை இல்ல. நான் தொடைக்க போனேன், மூஞ்சிய திருப்பிக்கினான். அம்மா வந்து தொடச்சாங்க, அதுக்கு சும்மா இருந்தான்.

மூணு நாளு என்ன உள்ள வுடல. நாலாவது நாளு கூப்ட்டு அனுப்பினான். மாத்திரை டப்பா கட்டில் மேல இல்ல. கம்ப்யூட்டர எடுத்துக்கினு போவ சொன்னான். ஆட்டோவுக்கு ஆளு பாக்க சொன்னான். கை வந்ததும் ஓட்டணும்னு அத்தினி மாசமா தார்பாய் போட்டு மூடி வெச்சிருந்த வண்டி. தனக்கு அப்புறம் அம்மாவுக்கு ஏதாவது இருக்கணும்னு சொன்னான், 'அப்புறம்'னு அவன் சொன்னது அதான் மொத தடவ. அதுக்கு மேல அஞ்சு மாசம் இருந்தான்.

ஆளு பாக்க சொன்ன மறுவாரமே மேடவாக்கத்துலேந்து ஒருத்தரு வண்டி பாக்க வந்தாரு. நான் வெளியவே மடக்கி ஆரம்பிச்சேன், "வண்டி தங்கம் சார், ஒரே கை ஓட்டினது, சத்தமே..."

உள்ளேந்து தோஸ்த்து ஒரு சத்தம் போட்டான். அவரயும் கூட்டிக்கினு உள்ள போனேன். கட்டில்லேந்து பேசினான், அவருக்கு ஒண்ணும் புரியல. "இன்னா சொல்றாரு?"ன்னு என்ன பாத்தாரு. நான் தோஸ்த்த பாத்தேன். அவன் என் வாயவே பாத்துகினு இருந்தான், ஒரு வார்த்த மாத்தறேனான்னு.

"செகண்டு கியரு சரியா வுழாதாம் சார். மழையில ஸ்டார்ட் ஆவாதாம். முன்னாடி ஃபோர்க்கு ஒரு தடவ வளஞ்சி நிமித்தினதாம். பிரேக்கு..."

பிரேக்கு பத்தி அவன் ரொம்ப நேரம் சொன்னான். நான் ஒண்ணு வுடாம சொன்னேன்.