முதல் வரிசையில் ஒரு ஜோடிச் செருப்பு

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் மேடை வெற்றிகளைப் படித்துச் சலித்திருப்பீர்கள். இன்றும் ஒரு வெற்றிதான். ஆனால் சொல்லவே கூசுகிறது.

சென்ற ஞாயிறு அல்சூர்ப் பக்கம் ஒரு பட்டிமன்றம். ‘இல்லறத்துக்கு இனிமை சேர்ப்பது பேச்சா, பரிசா?’ என்பது தலைப்பு. நான் பேச்சு அணி. தீர்ப்பு எங்கள் பக்கமே வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையோடு தலைகுனிந்து வீடு திரும்பினேன்.

காரணம், முதல் வரிசையில் அமர்ந்திருந்த என் மனைவி மஞ்சுளா.

மஞ்சுளா பொம்மனஹள்ளியில் ஒரு மருத்துவமனைச் செவிலியர். நாள் முழுதும் நின்றபடி வேலை. எங்கள் முதல் திருமண நாள் நெருங்குகிறதே, என்ன பரிசு வேண்டும் என்று சில நாள்களுக்கு முன் கேட்டிருந்தேன். மோதிரம் என்பாள், புடவை என்பாள் என்று நினைத்தேன்.

“ஏங்க, ஒரு நல்ல செருப்பு வாங்கிக் குடுங்க. உள்ள மெத்துன்னு இருக்குமே, அது. குதிகால் ரொம்ப வலிக்குது.”

“கல்யாண நாளுக்கு யாராவது செருப்பு குடுப்பாங்களா?”

“கேட்டீங்க, சொன்னேன். விடுங்க.”

விட்டேனா? மேடைப் பேச்சாளனின் காது விசித்திரமானது. ‘வலி’ என்ற சொல் அதில் விழவில்லை. ‘செருப்பு’ மட்டும் விழுந்தது. கைதட்டலுக்கு ஒரு சரக்கு கிடைத்துவிட்டது...

“நடுவர் அவர்களே! திருமண நாளுக்கு என்ன பரிசு வேண்டும் என்று என் இல்லத்தரசியிடம் காதலோடு கேட்டேன். அவர் கேட்டது செருப்பு. வாங்கித் தந்தால் அது முதலில் யார் மீது பயன்படும் என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.”

அரங்கம் அதிர்ந்தது. நடுவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பலர் திரும்பி மஞ்சுளாவைப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்த இடத்தில் ஓர் ஊக்கு.

பார்த்த பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. அடுத்த வரி நினைவில் தயாராக இருந்தது, பேசினேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஆட்டோவில் வரும்போது, “நல்லா சிரிச்சாங்க” என்றாள். திட்டியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். அந்த வாய்ப்பையும் அவள் தரவில்லை.

மறுநாள் சிவாஜிநகரில் ஒரு செருப்புக் கடையில் நின்றேன்.

“மேடம் கால் என்ன நம்பர் சார்?” என்றார் கடைக்காரர்.

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நின்ற இடத்திலேயே பேசக்கூடியவன் நான். இதற்கு விடை தெரியவில்லை.

“போன் போட்டுக் கேளுங்க சார். ஸ்வல்ப நேரம் வெயிட் பண்றேன்.”

அழைத்தேன்.

“என் கால் நம்பர் எதுக்கு?” என்றாள் மஞ்சுளா. “அடுத்த மேடைக்கு மேட்டரா?”

“இல்ல மஞ்சு. செருப்புக் கடையில நிக்கிறேன். தப்பு பண்ணிட்டேன்.”

வார்டின் இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது.

“ஆறு. வாங்கிட்டு வாங்க... பேச்சு மட்டும் வேணாம்.”

பட்டிமன்றத்தின் உண்மையான தீர்ப்பு இதுதான் என்று பட்டது. வீட்டில் வாய் திறக்காமல் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. அது செருப்புக்காகத்தான். எனக்காக என்று எண்ணிக்கொள்ளும் துணிவு எனக்கில்லை.

இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன். “இதையாவது கேட்டுட்டுப் போடுறீங்களே” என்றாள்.

வரும் ஞாயிறு மர்பி டவுனில் பேசுகிறேன். வருகிறாயா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

செருப்பு வாங்கித் தந்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு மறுபடி அந்த முதல் வரிசைக்கு வருவது அவள் விருப்பம்.