பீச்சாங்கைக்கு ஒரு ஜப்பான் கத்தி

மேல்விஷாரத்தில் தோல் மண்டி வைத்திருந்த மக்பூல் அகமது சாயபு வீட்டுச் சமையல்கட்டில் பில்கிஸ் என்று ஒருத்தி இருந்தாள். மசாலா அரைப்பாள், அரிசி கழுவுவாள், அரிவாள்மனையில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்குவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அடுப்பைத் தணிங்க, இஞ்சி அடிபிடிக்குது" என்று உள்ளே குரல் கொடுப்பாள். போய்ப் பார்த்தால் அடிபிடித்துத்தான் இருக்கும். அதனாலேயே அவள்மேல் எல்லோருக்கும் எரிச்சல்.

இத்தனை மூக்கும் நாக்கும் உள்ளவளை ஏன் அடுப்புப் பக்கம் விடவில்லை என்று கேட்கிறீர்களா? அவள் பீச்சாங்கைக்காரி, அவ்வளவுதான் விஷயம். சோறு அள்ளித் தின்கிற வலது கைக்கு நம் ஊரில் சோத்தாங்கை என்று பேர். மற்றக் கைக்குப் பீச்சாங்கை என்று பேர் வைத்துவிட்டார்கள். பேரைச் சொன்னாலே அதற்கு என்ன மரியாதை என்று தெரிந்துவிடும். பில்கிஸ் பிறந்ததிலிருந்து எதற்கும் அந்தக் கைதான் முந்திக்கொண்டு வந்தது. அவள் அம்மா பழந்துணியைக் கிழித்து அந்தக் கையை இடுப்போடு கட்டிப்போட்டுப் பார்த்தாள். அவிழ்த்த மறுநொடி அது பேரீச்சம்பழத் தட்டுக்குள் இருந்தது! அடித்து, அழுது, கடைசியில் சாப்பிட மட்டும் வலது கை பழகியது.

புருஷன் மாட்டுவண்டி ஓட்டியவன்; விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அதன்பின் சாயபு வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். வந்த அன்றைக்கே அவள் இடது கையில் கத்தி எடுத்ததைச் சாயபுவின் மனைவி சுகரா பேகம் பார்த்துவிட்டார்.

"இந்த வூட்ல பீச்சாங்கையால நறுக்குனது எதுவும் சட்டியில விழக்கூடாது" என்றார். தீர்ந்தது. அரிவாள்மனையில் இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வதால் அதில் மட்டும் யாரும் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. பில்கிஸுக்கு உள்ளுக்குள் பற்றி எரியும். பிரியாணி தம் போடும்போதெல்லாம் தூர நின்று மோந்து பார்த்து, நானாக இருந்தால் இன்னும் ஒரு கை புதினா போட்டிருப்பேன் என்று முணுமுணுப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் பழைய சமையல்காரர் வயதாகிப் பள்ளிகொண்டாவுக்கு மகனோடு இருக்கப் போனார். அந்த நேரம் பார்த்துச் சாயபுவின் மகளுக்கு ஆம்பூரிலிருந்து நல்ல இடம் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். ஆற்காட்டில் பேர்போன பண்டாரி ஆபித் பாஷாவுக்கு, விருந்தைச் சமைத்துக் கொடுத்துவிட்டு இங்கேயே தங்கிவிடும்படி சொல்லி அனுப்பினார்கள். கல்யாண வீடுகளில் தேக்சா தேக்சாவாகப் பிரியாணி இறக்குகிற மனிதர். வந்தார், சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்தார், எனக்கு என் ஆட்கள் போதும், இந்த அம்மா வேண்டாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டை விட்டால் பில்கிஸுக்குப் போக்கிடம் கிடையாது. நேராகச் சுகரா பேகத்திடம் போனாள். வெளியே அனுப்புவதாக இருந்தால், ஒரே ஒரு தடவை அடுப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றாள். கெஞ்சவில்லை, சண்டைதான் போட்டாள். பேகத்துக்கும் வெளியாளைச் சமையல்கட்டில் நிரந்தரமாக வைக்க அரை மனசுதான். யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிப் பொரிக்க வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கே விருந்தும் சமையல்கட்டும். மற்றவர் கிளம்ப வேண்டியதுதான்.

வெங்காயம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருந்தால், மெல்லிசு கருகிக் கசக்கும்போது தடி இன்னும் பச்சையாகவே கிடக்கும். ஒரு தேக்சா பிரியாணியைக் கெடுக்க அது போதும்.

"அரிவாள்மனையெல்லாம் ஒத்துக்க மாட்டேன். பண்டாரின்னா நின்னுக்கினு கத்தியில நறுக்கணும்" என்றார் ஆபித் பாஷா. நியாயம்தான் என்றார் பேகம். "சோத்தாங்கையால" என்று பில்கிஸைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

இதைக் கேட்ட சாயபுவுக்கு ஒரே குஷி. தோல் வியாபாரமாக ஜப்பானில் கோபே துறைமுகம்வரை போய்வந்தவர். அங்கே ஆசைப்பட்டு வாங்கிய மூன்று கத்திகள் பீரோவில் சும்மாக் கிடந்தன. மரப்பெட்டியோடு கொண்டுவந்து வைத்து, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்று முழம் நீளம், ஒல்லி, கண்ணாடிபோல் பளபளப்பு. இன்னொன்று முதுகு தடித்த கனமான கத்தி. மூன்றாவது பார்க்கச் சுமார்தான். அகலமான அலகு, நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தது.

ஆபித் பாஷா நீளக் கத்தியைப் பாய்ந்து எடுத்தார். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார். ஒரு பக்கம்தான் சரிவாகத் தீட்டியிருந்தது. மறுபக்கம் பலகைபோல் தட்டையாக இருந்தது. "ஜப்பான்காரன் ஒரு பக்கம் சாணை புடிக்க மறந்துட்டான்" என்று சொல்லிவிட்டு, தெருவில் சாணைக்கல் சுற்றுகிறவனிடம் கொண்டுபோய் அந்தத் தட்டைப் பக்கத்தையும் நன்றாகத் தேய்த்து வாங்கி வந்தார். அது அப்படியே செய்யப்பட்ட கத்தி என்று அவருக்கு யார் சொல்வது? நம் ஊரில் கத்தி என்றால் இரண்டு பக்கமும் தீட்டியதுதானே.

பில்கிஸ் மிச்சமிருந்த இரண்டையும் கொல்லைப்புறம் எடுத்துப் போனாள். ஆளில்லாத இடம். முதலில் கனத்த கத்தியை இடது கையில் பிடித்து ஒரு வெங்காயத்தில் வைத்தாள். நேராக இறங்காமல் உள்ளே இழுத்துக்கொண்டு கோணலாகப் போனது. மறுபடி வைத்தாள், மறுபடி கோணல். அலகைத் தடவிப் பார்த்தாள். இதுவும் ஒரு பக்கச் சரிவு. வலது கைக்காரர் பிடித்தால் நேராகப் போகும்படி செய்தது. இடது கைக்கு இடம் கொடுக்காது. "நீயுமா?" என்று கத்தியைத் திட்டிவிட்டுக் கீழே வைத்தாள்.

மூன்றாவதை எடுத்தாள். இரண்டு பக்கமும் ஒரே சரிவு. வெங்காயத்தில் வைத்து அழுத்தக்கூட இல்லை, அது பாட்டுக்கு நேராக இறங்கிப் பலகையைத் தொட்டது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. எல்லாம் ஒரே கனம். எந்தக் கை என்று கேட்காத ஒன்றை அவள் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கொஞ்சம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை. பேகம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பில்கிஸ் வலது கையால் ஆரம்பித்தாள். எத்தனை நல்ல கத்தியாக இருந்தால் என்ன, பிடிக்கிற கை ஒத்துழைக்க வேண்டாமா? ஒன்று ஒட்டடைபோல, ஒன்று செருப்புத்தோல்போல. எதிரே ஆபித் பாஷா படபடவென்று குவித்துக்கொண்டிருந்தார்.

பில்கிஸ் நிறுத்தினாள். நறுக்கியதை ஒதுக்கித் தள்ளினாள். கத்தியைக் கை மாற்றினாள்.

"பில்கிஸ்! கை!" என்றார் பேகம்.

"பீபி, அல்லா சாப்பிடறதுக்குன்னு குடுத்த கையாலதான் சாப்பிடறேன். இந்தக் கையையும் அவன்தானே குடுத்தான்? இதால உங்க பொண்ணு விருந்துக்கு நறுக்கறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, கத்திய வச்சிட்டுப் போய்ட்றேன்."

பேகம் வாயைத் திறந்தார். அதற்குள் கத்தி இறங்க ஆரம்பித்துவிட்டது. பலகையில் விழுந்ததைப் பார்த்தார். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆபித் பாஷாவின் கத்திக்கு அதற்குள் வினை வந்துவிட்டது. சாணைக்கல் தேய்த்த அலகு அங்கங்கே பல் விழுந்து, வெங்காயத்தை நறுக்காமல் நசுக்கியது. பொரித்துத் தட்டில் கொட்டினபோது பாதி கரி, பாதி பச்சை. பில்கிஸின் தட்டில் எல்லாம் ஒரே பொன்னிறம், கையில் எடுத்தால் மொறுமொறுவென்று நொறுங்கியது. ஆபித் பாஷா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். நல்ல மனிதர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய தேக்சாவைத் தானே தூக்கி அவள் அடுப்பில் வைத்துவிட்டு, கெளம்பறேன் என்றார்.

பில்கிஸ் அன்றைக்குச் சமைத்தாள் பாருங்கள், தெருக்கோடிவரை வாசனை! புதினா அவள் இஷ்டத்துக்குப் போட்டாள். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் தாயார் வஜீதா பேகம், சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் இல்லாதவர், நேராகச் சமையல்கட்டுக்குள் வந்து நின்றார்.

"இது யாரு கைப்பக்குவம்?"

பில்கிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். சம்பந்தி வீட்டார். பீச்சாங்கை என்று தெரிந்தால் முகம் சுளித்துவிட்டால்? அந்தப் பெண்ணின் கல்யாணம் அல்லவா! இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தாள்.

சுகரா பேகம் இரண்டே எட்டில் அவள் பக்கத்தில் வந்தார்.

"அது இல்ல" என்றார். முந்தானையை விலக்கி, மஞ்சளும் வெங்காய வாடையுமாக இருந்த இடது கையைப் பிடித்து வெளியே இழுத்து, சம்பந்தியின் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார்.

"இந்தக் கை."